ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராத வயிற்றுவலி

கவுன்சலிங், மனநல சிகிச்சை பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வெளியிடுகிறோம்.

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டு விடுமுறை முடிந்ததிலிருந்து தினமும் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துவிடுகிறாள். ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை வலியே வருவதில்லை. நடிக்கிறாள் என்று அவள் அப்பா அடிக்கிறார். கவுன்சலிங் போகச் சொல்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம் என்ன பேசுவார்கள்? – விருதுநகர்

அடிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வலி நிஜமாகவே வருகிறது. பயந்தால் பெரியவர்களுக்கும் வயிற்றைப் பிசையும், கழிப்பறைக்கு ஓடத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை பயம் இல்லை, அதனால் வலியும் இல்லை. பயம் எதன் மேல் என்பதுதான் கேள்வி.

நல்ல ஆலோசகர் பெரும்பாலும் முதல் சந்திப்புக்குப் பிள்ளையை வரச் சொல்லமாட்டார். தாய் தகப்பன் இருவரையும் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் கேட்பார். வீட்டில் புதிதாக யார் வந்தார்கள், யார் போனார்கள், தம்பி தங்கை பிறந்ததா, அப்பா வெளியூர் வேலைக்குப் போனாரா, வகுப்பு ஆசிரியர் மாறினாரா, பக்கத்தில் உட்காரும் பிள்ளை யார் என்று. பள்ளிக் கழிப்பறையைப் பற்றியும் கேட்பார். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம் உண்டா என்றும் பார்ப்பார். மூன்றாம் வகுப்பில் பாடத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லும்போதுதான் பல பிள்ளைகளின் கற்றல் குறைபாடு முதன்முதலில் வெளியே தெரியும். பள்ளியில் யாராவது அடிக்கிறார்கள் என்று தெரியவந்தால் அது தனி விஷயம். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்திருக்கிறது. பயத்துக்குக் காரணமானதை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைக்கு தைரியம் சொல்லிக்கொடுப்பது வீண்வேலை.

அடுத்த சந்திப்பில் பிள்ளை. அரை மணி நேரத்துக்குமேல் போகாது. படம் வரைவது, பொம்மையை வைத்து வகுப்பறை விளையாட்டு, பயத்துக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுவது. ‘டாக்டர் ஊசி போடுவார்’ என்று மிரட்டியோ, ‘கடைக்குப் போறோம்’ என்று ஏமாற்றியோ கூட்டிப்போகாதீர்கள். “பயம் வந்தா என்ன பண்ணலாம்னு சொல்லிக்கொடுக்கிற டீச்சர்” என்றால் போதும்.

உண்மையான வேலை அதன்பிறகு உங்கள் வீட்டிலும் பள்ளி வாசலிலும் நடக்கும். படிப்படியாக ஏறுவதுதான் முறை. ஞாயிறு மாலை பள்ளி கேட் வரை நடந்து போய் வருவது முதல் படி. மறுநாள் யூனிஃபார்ம் போட்டு கேட் வரை. பிறகு தலைமையாசிரியர் அறையிலோ நூலகத்திலோ ஒரு பீரியட். அப்புறம் தன் வகுப்பில் முதல் 2 பீரியட், மதியச் சாப்பாடு வரை, கடைசியில் முழு நாள். ஒவ்வொரு படியிலும் அவள் போடும் பய மார்க் பாதியாகக் குறையும் வரை அங்கேயே நின்று, பிறகுதான் அடுத்தது. இதற்குப் பள்ளியின் ஒத்துழைப்பு வேண்டும். தலைமையாசிரியரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லாமல், ஆலோசகரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

இது எங்கே சொதப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வீட்டில் இருக்கும் நாளில் டிவி, செல்போன், பாட்டி மடி, சூடாக முறுக்கு என்றால் எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகும்? வலிக்கிறது என்று தங்கினால் படுக்க வேண்டும் அல்லது பாடம் படிக்க வேண்டும். பள்ளி விடும் நேரம் வரை திரை கிடையாது. கோபமாகச் சொல்லத் தேவையில்லை, அது வீட்டு விதி, அவ்வளவுதான். வாசலில் விடும்போது கால் மணி நேரம் கட்டிப்பிடித்து அழுவதும் ஆகாது, அவள் பார்க்காத நேரத்தில் நழுவுவதும் ஆகாது. “மூணரைக்கு இந்த மரத்தடியில நிப்பேன்” என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடத்தில் கிளம்புங்கள், சொன்னபடி மூன்றரைக்கு அங்கே நில்லுங்கள். ஒழுங்காகப் போனால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று பெரிதாக ஆசை காட்டுவதைவிட, அன்றன்றைக்கு ஒரு ஸ்டிக்கர் நன்றாக வேலை செய்யும். திங்கட்கிழமையும் பொங்கல் விடுமுறைக்கு அடுத்த நாளும் சறுக்கும். அன்று ஒரு படி இறங்கி மறுபடி ஏறலாம். ‘ஒரு வாரம் லீவு போட்டு ஆறட்டும்’ என்பது மட்டும் வேண்டாம். வீட்டில் இருக்க இருக்கப் பயம் பெருகும்.

கேள்வி: வயது 34. திடீர் திடீரென்று நெஞ்சு படபடப்பு, மூச்சடைப்பு, கை மரத்துப்போகிறது. மூன்று முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியிருக்கிறேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். ‘பேனிக்’ என்று சொல்லி தெரபிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பில் வருவது பேசினால் எப்படிப் போகும்? – கோயம்புத்தூர்

பேச்சு கொஞ்சம்தான், பயிற்சிதான் அதிகம். உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டது அநேகமாக சிபிடி என்கிற அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. வாரம் ஒருமுறை, 45 முதல் 50 நிமிடம். பேனிக் என்கிற திடீர்ப் பதற்றப் பிரச்சினைக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள்.

உங்களுக்கு நடப்பது ஒரு சுழற்சி. மாடிப்படி ஏறியதாலோ, காபியாலோ இதயம் லேசாக வேகமெடுக்கிறது. ‘அட்டாக்கோ’ என்று மனம் பதறுகிறது. பதறியதும் வேகவேகமாக மூச்சு வாங்குகிறீர்கள். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து கை மரக்கிறது, தலை சுற்றுகிறது. மரத்த கையைப் பார்த்துப் பயம் இரட்டிப்பாகிறது. பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, எதுவுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தானாக வடிந்துவிடும். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே சரியாகிவிடுவது அதனால்தான். ஆனால் ‘ஓடிவந்ததால் பிழைத்தேன்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறையும் ஓடச் சொல்கிறது.

இரண்டாம் மூன்றாம் அமர்வில் அந்தப் படபடப்பை அறைக்குள்ளேயே வேண்டுமென்றே வரவழைப்பார்கள். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு, சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்று. வரும் உணர்வுக்கு மார்க் போட்டு, அது தானாக அடங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் அனுமதியில்லாமல் இதைச் செய்யக் கூடாது. உங்களுக்கு இதயப் பரிசோதனைகள் முடிந்திருப்பது நல்லதாயிற்று. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

பிறகு தவிர்த்த இடங்களுக்குத் திரும்பிப் போவது. லிஃப்ட், கூட்டமான பஸ், மேம்பாலம். இங்குதான் பலர் பாதியில் நிற்கிறார்கள். போகிறார்கள், ஆனால் கையில் தண்ணீர் பாட்டில், பையில் மாத்திரை, பக்கத்தில் மனைவி, மணிக்கொரு தரம் நாடி பார்ப்பது. இவையெல்லாம் இருக்கும்வரை ‘இது இல்லாமலும் ஒன்றும் ஆகாது’ என்று மூளை கற்றுக்கொள்ளவே செய்யாது. ஒவ்வொன்றாக வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகப் பழக வேண்டும். மூச்சுப்பயிற்சியும் அப்படித்தான். பதற்றத்தில் ‘ஆழமா இழுங்க’ என்றால் இன்னும் அதிகக் காற்றை விழுங்கி மயக்கம்தான் கூடும். மெதுவாக, மூக்கு வழியாக, வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுபவர்கள் உண்டு. சில வாரத்திலேயே உடல் அதற்குப் பழகிவிடும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. மனநல மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கேள்வி: சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர் – யாரிடம் போவது? போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – கும்பகோணம்

சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதலாம். தூக்கம், சாப்பாடு அடியோடு கெட்டிருந்தால், காதில் குரல் கேட்டால், தற்கொலை எண்ணம் இருந்தால், குடியை நிறுத்தும்போது கைநடுக்கம் வந்தால் முதலில் இவரிடம்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து தரமாட்டார், தெரபியும் ஐ.க்யூ. போன்ற சோதனைகளும் செய்வார். இவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள், முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ளமாட்டார். கவுன்சலர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்வதுதான் நம் ஊர் நிலைமை. மூன்று மாத சான்றிதழ்ப் படிப்பு முடித்தவரும் இருக்கிறார், உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலை முடித்து வருடக்கணக்கில் பயிற்சி பெற்றவரும் இருக்கிறார்.

‘ஒரே சிட்டிங்கில் குணம்’ என்பவர், பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்பவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், அறைக்கு வெளியே தனியாகச் சந்திக்கக் கூப்பிடுபவர் – இவர்களிடம் திரும்பப் போகாதீர்கள்.

பணம் தடையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச 14416 என்ற டெலி மனாஸ் எண் (அரசின் மனநல உதவி எண்), எந்த நேரமும், தமிழிலேயே.

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். கவுன்சலரிடம் சொல்வதை அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுவார்களா? – ஓசூர்

உன் வயதில் சிகிச்சை தொடங்கப் பொதுவாகப் பெற்றோர் சம்மதம் கேட்பார்கள். ஆனால் அறைக்குள் பேசியது அப்படியே வீட்டுக்குப் போகாது. யாரைப் பிடிக்கும், யாரோடு சண்டை, மார்க் பயம், ஒருமுறை சிகரெட் இழுத்தது – இவற்றை ஒப்பிப்பது அவர் வேலை இல்லை. மூன்று இடத்தில் மட்டும் ரகசியம் நிற்காது. உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், 18 வயதுக்குட்பட்ட யாராவது பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தால். கடைசியதை 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவர் புகார் செய்தே ஆக வேண்டும். முதல் நாளே, அம்மா அப்பாவும் அறையில் இருக்கும்போது, “எதைச் சொல்வீங்க, எதைச் சொல்லமாட்டீங்க?” என்று கேட்டுவிடு. பள்ளி கவுன்சலர் என்றால், எழுதிவைக்கும் குறிப்பை வேறு யார் பார்க்க முடியும் என்றும் கேள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் இப்போதே பேச வேண்டும் என்றால் 1098, குழந்தைகள் உதவி எண்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகளின் முழங்கையில் பிளேடு கீறல்களைப் பார்த்தோம். கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்கிறாள். திட்டுவதா, தெரியாதது போல் இருப்பதா? – திண்டுக்கல்

இரண்டும் வேண்டாம். காயத்துக்கு மருந்து போடுங்கள். வீடு அமைதியான நேரத்தில் தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை. கேட்பதால் எண்ணம் வராது. மூடிவைத்ததைச் சொல்ல வழி கிடைக்கும். கீறிக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் சாக நினைப்பதில்லை. தாங்க முடியாத உணர்ச்சியை ஒரு நொடி அடக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனாலும் பின்னாளில் ஆபத்து கூடுதல் என்பதால் இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ‘ஆமா’ என்று சொன்னால் அன்றைக்கே, அவளைத் தனியே விடாமல்.

அன்று இரவே வீட்டில் உள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து, பிளேடு எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். சாவி பெரியவர் ஒருவரிடம். தோட்டம் துரவு உள்ள வீட்டில் பூச்சிமருந்து டப்பா வீட்டு எல்லைக்குள்ளேயே வேண்டாம். உந்துதல் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் வந்து போவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

சிகிச்சையில் அவளோடு சேர்ந்து ஒரு தாள் எழுதுவார்கள். மனம் கெடப்போவதை எப்படிக் கண்டுகொள்வது, தனியாகச் செய்யக்கூடியது என்ன, யார் பக்கத்தில் போய் உட்காரலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த எண்ணைக் கூப்பிடுவது, வீட்டில் எதை எடுத்துவைப்பது. உந்துதல் வரும்போது முகத்தைக் குளிர்ந்த நீரில் நனைப்பது, ஐஸ் கட்டியைக் கையில் பிடிப்பது போன்றவற்றையும் பழக்குவார்கள். தினமும் கையைத் தூக்கிக் காட்டச் சொல்லிச் சோதனை போடாதீர்கள், கீறல் தொடைக்கு இடம் மாறும். ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்ற சத்தியமும் செய்துவிடாதீர்கள். தற்கொலை முயற்சி என்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று மறைப்பவர்கள் உண்டு. 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது. அவசரத்துக்கு 14416, சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பின் எண் 044-24640050.

கேள்வி: கல்யாணமாகி ஒன்பது வருடம். மாமியாருக்குப் பணம் அனுப்புவதில் ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் சண்டை. பெரியவர்களை வைத்து இரண்டு முறை பேசியாயிற்று. கவுன்சலிங் என்றால் ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்கிறார் கணவர். நான் மட்டும் போய்ப் பயன் உண்டா? – மதுரை

உண்டு. சண்டையில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பாதி மாறினால் மறுபாதி பழையபடி ஓட முடியாது. அவரைக் கூப்பிடும்போது ‘உங்களுக்குத்தான் தேவை’ என்ற தொனி வேண்டாம். “நான் போறேன். உங்க பக்கத்தையும் அவங்க கேட்கணும்னு சொல்றாங்க, ஒரு தடவை வாங்க” என்று கேட்டுப் பாருங்கள்.

பெரியவர்கள் வைக்கும் பஞ்சாயத்தில் யார் மேல் தப்பு என்று தீர்ப்பு வரும். தோற்றவர் கறுவிக்கொண்டே வீடு திரும்புவார். தம்பதி சிகிச்சையில் தீர்ப்பே கிடையாது. அதை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இரண்டாவது வாரமே ஏமாந்துபோய் நின்றுவிடுகிறார்கள். பொதுவாக முதல் அமர்வு இருவரும் சேர்ந்து, அடுத்து ஆளுக்கொன்று தனியாக, பிறகு மீண்டும் சேர்ந்து. தனியாகச் சொல்வதை மற்றவரிடம் சொல்வாரா மாட்டாரா என்பதை அந்தத் தனி அமர்வுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறையில் பார்ப்பது சண்டையின் பொருளைவிட அதன் பாதையை. ஒருவர் துரத்தித் துரத்திக் கேட்பார், மற்றவர் வாயை மூடிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். அவர் போகப் போக இவர் குரல் ஏறும். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளை ஆய்வகத்தில் பல ஆண்டுகள் கவனித்து, நான்கு பழக்கங்கள் உறவை அரிக்கும் என்றார். ஆளையே குறைசொல்வது, இளக்காரம், எதற்கும் தற்காப்பு, பதிலே பேசாமல் சுவராகிவிடுவது. இவற்றில் இளக்காரம்தான் மோசம். கண்ணை உருட்டுவதும் ‘உங்க குடும்பமே அப்படித்தானே’ என்பதும் அந்த வகை.

பேச்சைத் தொடங்கும் முதல் ஒரு நிமிடத்தைத்தான் முதலில் பழக்குவார்கள். “எப்பப் பாரு உங்கம்மாவுக்குத்தான் அனுப்புவீங்க” என்று ஆரம்பித்தால் பதில் என்னவென்று உங்களுக்கே தெரியும். இதையே, “இந்த மாசம் ஸ்கூல் ஃபீஸுக்கு 15 ஆயிரம் இடிக்குது. எனக்குப் பயமா இருக்கு. ஊருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கணக்குப் பார்த்துடலாமா?” என்று சொல்லிப் பாருங்கள். நடந்தது, எனக்கு என்ன ஆகிறது, எனக்கு என்ன வேண்டும் – இந்த மூன்றும் இருக்கிறது, மாமியார் இல்லை. முதல் சில முறை மேடை வசனம் போலத்தான் இருக்கும், பரவாயில்லை.

குரல் ஏறிவிட்டால் இடைவேளை. குறைந்தது 20 நிமிடம், ஏனென்றால் வேகமெடுத்த உடம்பு அடங்க அவ்வளவு நேரமாகும். அந்த நேரத்தில் அடுத்து எதைச் சொல்லி மடக்கலாம் என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தால் பயனில்லை. இடைவேளை கேட்டவரே திரும்பி வரும் நேரத்தையும் சொல்ல வேண்டும், சொன்னபடி வரவும் வேண்டும். வராமல் தூங்கிவிட்டால் அது இடைவேளைக் கணக்கில் சேராது. மற்றவர் மறுபடி துரத்தத்தான் செய்வார்.

கேள்வி: கணவர் கோபத்தில் கை நீட்டிவிடுகிறார். இருவருமாக கவுன்சலிங் போகலாமா? – சேலம்

நீங்கள் அவரைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள் என்றால், இருவரும் சேர்ந்து போக வேண்டாம். அறையில் மனம்விட்டுச் சொன்னதற்கு வீட்டில் அடி விழும். அதுவுமில்லாமல், அடிப்பது ‘இருவருக்குமான பிரச்சினை’ போல ஆகிவிடும். நீங்கள் தனியாகப் போங்கள். அவர் தனியாக, குடி இருந்தால் அதற்கும் சேர்த்து, சிகிச்சை எடுக்கட்டும். 181 பெண்கள் உதவி எண். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். ஆதார் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், கொஞ்சம் பணம் ஆகியவற்றை நம்பகமானவர் வீட்டில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: மனச்சோர்வுக்கு ஆறு முறை தெரபி போய்விட்டேன். மாற்றம் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா? – தஞ்சாவூர்

நிறுத்தும் முன் இதை அவரிடமே சொல்லுங்கள். ஆறாவது அமர்வு அதற்குச் சரியான நேரம். தொடங்கும்போது என்ன மாற வேண்டும் என்று இருவரும் எழுதிவைத்தீர்களா? ‘நல்லாயிருக்கணும்’ என்பதை அளக்க முடியாது. ‘வாரத்தில் நாலு நாள் காலை ஏழு மணிக்குள் எழுந்து குளிப்பேன்’ என்பதை அளக்கலாம். மனச்சோர்வை அளக்க பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் இருக்கிறது, மொத்தம் 27 மதிப்பெண், கூடினால் சோர்வு அதிகம். முதல் வாரம் போட்ட மதிப்பெண்ணிலிருந்து 5 குறைந்திருந்தால்கூட, உங்களுக்குத் தெரியாமலே மாற்றம் நடந்திருக்கிறது. குறையவில்லையென்றால் கொடுத்த வீட்டுப்பாடத்தைச் செய்தீர்களா என்று பாருங்கள். வாரம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு மீதி நாட்கள் பழையபடி படுத்திருந்தால் எந்தத் தெரபிஸ்டாலும் முடியாது. வீட்டுப்பாடம் பெரிதாக இருந்ததால் செய்ய முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அரை மணி நடையை ஐந்து நிமிடமாக்குவது அவர் வேலை.

எல்லாம் செய்தும் அசையவில்லையென்றால் மருந்தும் சேர்க்க வேண்டுமா என்று மனநல மருத்துவரிடம் கேட்க வேண்டும். அந்த மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவே ஆகும். தைராய்டு, ரத்தசோகை, பி12 மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவற்றின் சோர்வும் அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும். தெரபிஸ்டை மாற்றுவதென்றால் இதுவரை செய்ததைப் பற்றி ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். புதியவரிடம் முதல் மூன்று வாரமும் பழைய கதையைத் திரும்பச் சொல்லும் செலவு மிச்சம்.